மோட்டார் மன்னர் ஹென்றி போர்டு

ஒரு கம்பெனி லாபம் சம்பாதிக்கிறது. அந்த லாபம் யாருக்குச் சொந்தம்? பணம் போட்டவர்களுக்கா? பாடுபட்ட தொழிலாளிகளுக்கா? பொருளை வாங்கும் மக்களுக்கா?

இந்தக் கேள்விக்காகக் கோர்ட்டுப் படி ஏறினார், ஒரு முதலாளி. எனக்கு இவ்வளவு லாபம் வேண்டாம், விலையைக் குறைக்கப் போகிறேன் என்று வாதாடினார். கோர்ட்டு அதை ஒப்புக்கொள்ளவில்லை. பங்குதாரர்களுக்குப் பணத்தைக் கொடு என்று தீர்ப்பு கூறியது.

அந்த முதலாளிதான் ஹென்றி போர்டு. பணக்காரர்களின் வீட்டு வாசலில் மட்டும் நின்று கொண்டிருந்த மோட்டார் காரை, குடியானவன் வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தவர். தொழிலாளிக்கு இரண்டு மடங்கு சம்பளம் கொடுத்தவர். அதே தொழிலாளி சங்கம் வைத்தபோது, அவனை அடிக்க ஆள் வைத்திருந்த கம்பெனியும் அவருடையதுதான்!

அவருடைய கதை விசித்திரமானது.

கடிகாரப் பைத்தியம்

ஹென்றி போர்டு 1863-ம் ஆண்டு ஜூலை மாதம் 30-ந் தேதி பிறந்தார். அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில், டெட்ராய்டு நகருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார். தந்தை வில்லியம் போர்டு, அயர்லாந்தில் இருந்து பிழைப்பு தேடி வந்து குடியேறியவர். தாயார் பெயர் மேரி.

மகனும் தன்னைப் போல விவசாயம் செய்ய வேண்டும் என்பது தந்தையின் ஆசை. ஆனால் சிறுவன் ஹென்றிக்கு வயல் வேலை பிடிக்கவில்லை. கடிகாரங்களைக் கழற்றுவான், மறுபடியும் பூட்டுவான். அக்கம்பக்கத்தில் யார் வீட்டில் கடிகாரம் நின்று போனாலும் அவனிடம்தான் வரும்.

அவனுக்கு 12 வயதாக இருக்கும்போது தாயார் இறந்து போனார். அதே ஆண்டில், 1876-ல், தந்தையுடன் குதிரை வண்டியில் போய்க் கொண்டிருந்தான். எதிரே ஒரு நீராவி எந்திரம் வந்தது. அதை இழுக்கக் குதிரை இல்லை! தானாகவே சாலையில் உருண்டு வந்தது. சிறுவன் வண்டியில் இருந்து குதித்து ஓடினான். எந்திரத்தை ஓட்டி வந்தவரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டான்.

குதிரை இல்லாத வண்டி! அன்று முதல் அவன் மனதில் வேறு நினைவே இல்லை.

16 வயதில் டெட்ராய்டு நகருக்குப் போய், ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். வாரச் சம்பளம் இரண்டரை டாலர். தங்கவும் சாப்பிடவும் மூன்றரை டாலர் ஆயிற்று. குறைந்த பணத்தைச் சரிக்கட்ட, இரவு நேரத்தில் ஒரு கடையில் கடிகாரம் பழுது பார்த்தான்.

சமையல் அறையில் எந்திரம்

1888-ம் ஆண்டில் போர்டுக்குக் கல்யாணம் நடந்தது. மனைவி பெயர் கிளாரா. தந்தை கொடுத்த நிலத்தில் சில காலம் குடும்பம் நடத்தினார். பிறகு 1891-ல் மனைவியுடன் டெட்ராய்டுக்கே திரும்பினார். எடிசன் பெயரில் நடந்த மின்சாரக் கம்பெனியில் என்ஜினீயர் வேலை கிடைத்தது. பகலில் வேலை. ஓய்வு நேரத்தில் ஆராய்ச்சி.

1893-ம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் இரவு. கிளாரா விருந்துக்குச் சமைத்துக் கொண்டிருந்தார். போர்டு ஒரு சிறு பெட்ரோல் எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு சமையல் அறைக்குள் நுழைந்தார். அதைத் தொட்டி மேல் வைத்து இறுக்கினார். வீட்டு விளக்கின் மின்சாரத்தில் இருந்து எந்திரத்துக்குத் தீப்பொறி கொடுத்தார். பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக விடும்படி மனைவியிடம் சொன்னார்.

எந்திரம் இருமியது; குலுங்கியது; ஓடத் தொடங்கியது! வீடே அதிர்ந்தது. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை எட்சல் அடுத்த அறையில் தூங்கிக் கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு இரண்டரை ஆண்டு உழைப்பு. 1896-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி விடியற்காலையில் முதல் வண்டி தயாராகி விட்டது. நான்கு சைக்கிள் சக்கரங்கள். முன்னே போகும், பின்னே போகாது. வண்டியை வெளியே தள்ளிப் பார்த்தால், கொட்டகையின் கதவு சிறியது! வண்டி நுழையவில்லை.

போர்டு யோசிக்கவில்லை. கோடரியை எடுத்தார். கதவு ஓரத்துச் செங்கல் சுவரை இடித்தார். வண்டி தெருவுக்கு வந்தது.

அதே ஆண்டில், பெரும் விஞ்ஞானியான தாமஸ் எடிசனைச் சந்திக்கும் வாய்ப்பு போர்டுக்குக் கிடைத்தது. எடிசன் அவரைத் தட்டிக் கொடுத்தார். மின்சாரத்தை நம்பி வாழ்ந்த எடிசனே பெட்ரோல் வண்டியைப் பாராட்டியதால், போர்டுக்கு யானை பலம் வந்தது. இருவரும் கடைசி வரை நண்பர்களாக இருந்தார்கள்.

இரண்டு தோல்விகள்

1899-ல் போர்டு நல்ல வேலையை விட்டு விட்டார். கார் கம்பெனி தொடங்கினார். அது ஒன்றரை ஆண்டில் மூடப்பட்டது. 1901-ல் இரண்டாவது கம்பெனி. அதில் இருந்து சில மாதங்களிலேயே வெளியேறினார்.

பணம் போட்டவர்களுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. அவர்கள் உடனே லாபம் கேட்டார்கள். போர்டு காரை இன்னும் திருத்த வேண்டும் என்றார். பணம் போடுகிறவர்கள் மீது அவருக்கு வெறுப்பு ஏற்பட்டது. இந்த வெறுப்பு சாகும் வரை போகவில்லை.

மூன்றாவது முயற்சி 1903-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி தொடங்கியது. அதுதான் போர்டு மோட்டார் கம்பெனி. பங்குதாரர்கள் 12 பேர். ரொக்கமாகச் சேர்ந்த பணம் 28,000 டாலர். அந்நாளில் ஒரு டாலர் என்பது நம் நாட்டுப் பணத்தில் சுமார் 3 ரூபாய்.

பங்குதாரர்களில் ஜான் டாட்ஜ், ஹொரேஸ் டாட்ஜ் என்ற சகோதரர்கள் இருவர். அவர்கள் எந்திரப் பட்டறை வைத்திருந்தவர்கள். போர்டு காருக்கு எந்திரம் செய்து கொடுத்தார்கள். கணக்கு வழக்கைக் கவனித்தவர் ஜேம்ஸ் கசன்ஸ். அவருடைய சகோதரி பள்ளிக்கூட ஆசிரியை. அவரும் சேமித்து வைத்திருந்த பணத்தில் 100 டாலர் போட்டார்.

ஒரு மாதத்துக்குள் பணம் கரைந்தது. பாங்கியில் மிச்சம் இருந்தது 223 டாலர்! அந்த நேரத்தில் சிகாகோ நகர டாக்டர் ஒருவர் 850 டாலர் அனுப்பி ஒரு கார் வாங்கினார். கம்பெனி பிழைத்தது.

ஏழைக்கும் கார்

அப்போது மற்ற கம்பெனிகள் பணக்காரர்களுக்குக் கார் செய்தன. ஆயிரம், இரண்டாயிரம் டாலர் என்று விற்றன. போர்டின் நினைப்பு வேறு. விலையைக் குறைத்தால் வாங்குகிறவர் கூடுவார்கள். ஒரு காரில் லாபம் குறைந்தாலும் மொத்தத்தில் நஷ்டம் வராது என்று அவர் நம்பினார்.

1908-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி டி மாடல் கார் வந்தது. விலை 850 டாலர். எடை குறைவு; உறுதி அதிகம். சேறும் சகதியுமான கிராமத்துப் பாதையில் போகும்படி உயரமாகச் செய்திருந்தார்கள். பழுதானால் குடியானவனே சரி செய்து கொள்ளலாம். பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, அதில் தோல் பட்டை மாட்டி, மரம் அறுத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள்.

வாங்க ஆட்கள் குவிந்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கக் கார் இல்லை. எப்படி வேகமாகச் செய்வது?

1913-ல் போர்டும் அவருடைய என்ஜினீயர்களும் வழி கண்டுபிடித்தார்கள். அதுவரை கார் ஒரே இடத்தில் நிற்கும். தொழிலாளி சாமானைத் தேடி எடுத்து வந்து மாட்டுவான். இதைத் தலைகீழாக மாற்றினார்கள். தொழிலாளி ஒரே இடத்தில் நிற்பான். கார் நகர்ந்து அவன் முன் வரும். ஒருவன் திருகாணியை வைப்பான். அடுத்தவன் முடுக்குவான். கார் நகர்ந்து போய்விடும்.

ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்டி முடிக்க முன்பு 12 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இப்போது 93 நிமிடத்தில் முடிந்தது. காரின் விலையும் ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. 1916-ல் அதே கார் 360 டாலர்!

5 டாலர் சம்பளம்

ஆனால் ஒரு தொல்லை முளைத்தது. காலை முதல் மாலை வரை ஒரே திருகாணியை முடுக்கிக் கொண்டிருந்தால் மனிதனுக்குப் பைத்தியம் பிடிக்காதா? தொழிலாளர்கள் ஓடிப் போனார்கள். தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் சுமார் 14,000 பேர். அந்த எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள 1913-ம் ஆண்டில் 50,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது!

1914-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி போர்டு கம்பெனி ஓர் அறிவிப்பு செய்தது. ஒரு நாள் சம்பளம் 5 டாலர். வேலை நேரம் 9 மணியில் இருந்து 8 மணியாகக் குறைக்கப்படும். அதுவரை ஒரு நாள் கூலி இரண்டேகால் டாலருக்குச் சற்று அதிகம்.

அமெரிக்கா முழுவதும் பரபரப்பு! மற்ற முதலாளிகள் திட்டினார்கள். போர்டு திவாலாகி விடுவார் என்றார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வேலை கேட்டு ஆலை வாசலில் குவிந்தார்கள். கூட்டம் கட்டுக்கு அடங்கவில்லை. கடும் குளிரில் அவர்கள் மீது குழாய் மூலம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள்.

போர்டு திவாலாகவில்லை. தொழிலாளர்கள் ஓடிப் போவது நின்றது. லாபம் கூடியது. தன் கையால் செய்த காரைத் தொழிலாளி தானே வாங்கும் காலமும் வந்தது. ஊனமுற்றவர்கள் ஆயிரக்கணக்கில் வேலை பெற்றார்கள். மற்ற ஆலைகள் சேர்க்கத் தயங்கிய நீக்ரோ மக்களுக்கும் போர்டு ஆலையில் வேலை கிடைத்தது.

ஆனால் 5 டாலர் சும்மா கிடைக்கவில்லை. அதில் ஏறக்குறைய பாதி, லாபத்தில் பங்கு என்ற பெயரில் கொடுக்கப்பட்டது. அதைப் பெற ஒழுங்காக வாழ வேண்டும். இதைப் பார்க்கக் கம்பெனி அதிகாரிகள் தொழிலாளியின் வீட்டுக்கே வந்தார்கள். குடிக்கிறானா, பணம் சேமிக்கிறானா, வீடு சுத்தமாக இருக்கிறதா என்று விசாரித்தார்கள்.

சில குடும்பங்கள் இதனால் நல்ல நிலைக்கு வந்தன. ஆனால் வேலை நேரம் முடிந்த பிறகும் முதலாளி விடவில்லையே என்று பலர் மனம் புழுங்கினார்கள்.

கோர்ட்டில் போர்டு

1916-ம் ஆண்டு. கம்பெனியில் 5 கோடி டாலருக்கு மேல் ரொக்கம் குவிந்து கிடந்தது. பங்குதாரர்கள் ஆவலோடு காத்திருந்தார்கள். வழக்கமாகக் கொடுக்கும் பங்குப் பணத்துக்கு மேல், தனியாக எதுவும் தர முடியாது என்று போர்டு சொல்லி விட்டார். காரின் விலையை இன்னும் குறைக்க வேண்டும். ரூஜ் ஆற்றங்கரையில் பெரிய ஆலை கட்ட வேண்டும். இன்னும் பல பேருக்கு வேலை கொடுக்க வேண்டும் என்றார்.

டாட்ஜ் சகோதரர்களுக்குக் கோபம் வந்தது. அவர்கள் அதற்குள் சொந்தமாகக் கார் கம்பெனி தொடங்கியிருந்தார்கள். அதற்குப் பணம் தேவை. தங்கள் பணத்தைக் கொடுக்காமல் இருப்பது தங்களை நசுக்கத்தான் என்று நினைத்தார்கள். போர்டின் மகன் எட்சல் கல்யாணத்துக்கு வந்து வாழ்த்தியவர்கள், மறுநாளே வழக்குப் போட்டார்கள்!

வழக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் நடந்தது. அளவுக்கு மிஞ்சிய லாபம் கூடாது, மக்களுக்கும் தொழிலாளர்களுக்கும் பயன்பட வேண்டும் என்று போர்டு சாட்சி சொன்னார். 1919-ம் ஆண்டு பிப்ரவரியில் மிச்சிகன் மேல் கோர்ட்டு தீர்ப்பு கூறியது.

தர்மம் செய்ய நினைத்தால் ஒருவர் சொந்தப் பணத்தில் செய்யலாம். கம்பெனி என்பது முக்கியமாகப் பங்குதாரர்களின் லாபத்துக்காக நடப்பது என்பது தீர்ப்பின் சாரம். புதிய ஆலை கட்டுவதைக் கோர்ட்டு தடுக்கவில்லை. ஆனால் சுமார் 1 கோடியே 93 லட்சம் டாலரைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னது. பெரிய பங்குதாரர் போர்டுதான். ஆகவே அதில் பாதிக்கு மேல் அவருக்கே வந்தது!

போர்டு சும்மா இருக்கவில்லை. தலைவர் பதவியை மகனிடம் கொடுத்து விட்டு, வேறு கம்பெனி தொடங்கி இன்னும் மலிவாகக் கார் செய்யப் போவதாகச் சொன்னார். பங்குதாரர்கள் நடுங்கினார்கள். ஒவ்வொருவராகப் பங்குகளை விற்றார்கள். 10 கோடி டாலருக்கு மேல் கொடுத்து எல்லாவற்றையும் போர்டு வாங்கி விட்டார்.

டாட்ஜ் சகோதரர்களுக்குக் கிடைத்தது இரண்டரைக் கோடி டாலர். அடுத்த ஆண்டே இருவரும் இறந்து போனார்கள். 100 டாலர் போட்ட பள்ளிக்கூட ஆசிரியைக்கு 2 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு மேல் கிடைத்தது!

கேட்க ஆள் இல்லை

இனி போர்டு வைத்ததுதான் சட்டம். கேள்வி கேட்கப் பங்குதாரர் யாரும் இல்லை.

கடன் என்றாலே போர்டுக்குப் பிடிக்காது. ஆனால் பங்குகளை வாங்க அவரே பெரும் கடன் வாங்கியிருந்தார். அதை அடைக்க, 1921-ல் கேட்காத கார்களை வியாபாரிகளுக்கு அனுப்பி, உடனே பணம் கட்டச் சொன்னார்கள். வியாபாரிகள் ஊர் ஊராகப் பாங்கியில் கடன் வாங்கிக் கட்டினார்கள். போர்டின் கடன் அவர்கள் தலையில் விழுந்தது.

மக்கள் கடனுக்குக் கார் வாங்குவதையும் அவர் விரும்பவில்லை. முதலில் சேமி, பிறகு வாங்கு என்பது அவர் கொள்கை. 1923-ல் வாரம் 5 டாலர் கட்டி, பணம் சேர்ந்த பிறகு கார் எடுக்கும் திட்டம் கொண்டு வந்தார். போட்டிக் கம்பெனிகளோ, முதலில் காரை எடு, பிறகு தவணையில் கட்டு என்றன. மக்கள் அந்தப் பக்கம் போனார்கள்.

புது மாடல், பல நிறம் என்று மற்றவர்கள் மாற்றினார்கள். போர்டு அசையவில்லை. 1914 முதல் 1926 வரை அவருடைய டி மாடல் காருக்கு ஒரே நிறம், கறுப்பு! மகன் எட்சல் மாற்றச் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் 1927-ல் வியாபாரம் சரிந்து, டி மாடலை நிறுத்தினார். அதுவரை விற்ற கார்கள் ஒன்றரைக் கோடி.

இவற்றைவிடப் பெரிய களங்கம் வேறு உண்டு. போர்டு ஒரு பத்திரிகை நடத்தினார். 1920 முதல் அதில் யூதர்களைப் பற்றி அபாண்டமாக எழுதினார்கள். வழக்கு வந்தது. 1927-ல் போர்டு மன்னிப்புக் கேட்டார், பத்திரிகையை மூடினார். ஆனால் அந்த விஷம் புத்தகமாகப் பல நாடுகளில் பரவி விட்டது. 1938-ல் ஹிட்லர் அரசு கொடுத்த பதக்கத்தையும் அவர் வாங்கிக்கொண்டார்.

1930-க்குப் பிறகு அமெரிக்காவில் வேலை இல்லாத் திண்டாட்டம். 1932-ம் ஆண்டு மார்ச் 7-ந் தேதி, வேலை இழந்தவர்கள் ஊர்வலமாகப் போர்டு ஆலைக்குப் போனார்கள். போலீசாரும் கம்பெனிக் காவலர்களும் சுட்டார்கள். நான்கு பேர் குண்டடிபட்டு மாண்டார்கள்.

1937-ல் சங்கத் தலைவர்கள் ஆலை வாசலில் துண்டுப் பிரசுரம் கொடுக்க வந்தார்கள். கம்பெனி ஆட்கள் அவர்களை ரத்தம் வரும்படி அடித்தார்கள். பத்திரிகைக்காரர்கள் எடுத்த படம் நாடு முழுவதும் பரவியது.

1941-ல் வேலை நிறுத்தம் நடந்தது. போர்டு சங்கத்துடன் ஒப்பந்தம் செய்து கொண்டார். ஆலையை மூடுவேன் என்று பிடிவாதம் பிடித்த அவரைப் பணிய வைத்தவர் மனைவி கிளாராதான் என்று, அவரிடம் வேலை பார்த்த பெரிய அதிகாரி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். இனி ரத்தம் சிந்தினால் வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்றாராம், அன்று பெட்ரோல் ஊற்றிய கிளாரா.

விளக்கு வெளிச்சத்தில்

1943-ல் ஒரே மகன் எட்சல் 49 வயதில் இறந்து போனார். 79 வயதுக் கிழவர் மறுபடியும் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். உடலில் தெம்பு இல்லை. மனமும் தளர்ந்து விட்டது. 1945-ல் பொறுப்பைப் பேரனிடம் கொடுத்தார்.

1947-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி. ரூஜ் ஆற்றில் வெள்ளம். போர்டு மாளிகையில் மின்சாரம் நின்று போயிற்று. டெலிபோனும் வேலை செய்யவில்லை. அன்று இரவு மெழுகுவர்த்தி, எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், கிளாரா பக்கத்தில் இருக்க, ஹென்றி போர்டு கண்ணை மூடினார். வயது 83.

விளக்கு வெளிச்சத்தில் பிறந்தவர், உலகத்தையே எந்திர மயமாக்கி விட்டு, விளக்கு வெளிச்சத்திலேயே மறைந்தார்.

அவருடைய கம்பெனிப் பங்குகளில் பெரும் பகுதி, மகன் எட்சல் 1936-ல் தொடங்கிய தர்ம ஸ்தாபனத்துக்குப் போயிற்று. அந்த ஸ்தாபனம் 1952-ல் டெல்லியில் அலுவலகம் திறந்தது. வெளிநாட்டில் அது திறந்த முதல் அலுவலகம் அதுதான்.

போர்டு வழக்கின் தீர்ப்பைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். லாபத்தில் தொழிலாளிக்கும் மக்களுக்கும் பங்கு உண்டு என்று போர்டு சொன்னது உண்மை. அதில் எவ்வளவு, யாருக்கு, எப்போது என்பதைத் தான் ஒருவரே முடிவு செய்ய வேண்டும் என்று நினைத்ததும் உண்மை. அவர் கொடுத்தபோது தொழிலாளி வாழ்த்தினான். அவனே உரிமையோடு கேட்டபோது அடி விழுந்தது.